கக்கியும் ககியும்: கியோட்டோவில் ஜப்பானிய மொழி படித்த ஒன்றரை ஆண்டு

அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம். கியோட்டோவில் நான் தங்கியிருந்த அறைக்கும் மொழிப்பள்ளிக்கும் நடுவே ஒரு சின்னப் பழக்கடை உண்டு. வாசலில் கூடை கூடையாகப் பெர்சிமன் பழம், பார்க்க ஆரஞ்சு நிறத் தக்காளி மாதிரி. அதன் ஜப்பானியப் பெயரை அன்றைக்குக் காலையில்தான் வகுப்பில் படித்திருந்தேன். கடைக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நேரே போய், "ககி இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் முகம் சட்டென்று கவலையானது. "ககியா?" என்று கேட்டுவிட்டு, குனிந்து கூடைகளுக்கு அடியில் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பழம் கண்ணெதிரே இருக்கிறது, இவர் தரையில் தேடுகிறார். நானும் கூடவே குனிந்தேன். சற்று நேரம் கழித்து அவர் நிமிர்ந்து, காற்றில் கையைத் திருகிக் காட்டினார், பூட்டைத் திறப்பதுபோல. அப்போதுதான் விளங்கியது. ககி என்றால் சாவி. பழத்துக்குப் பெயர் கக்கி. வெளிநாட்டுப் பிள்ளை ஒன்று அறைச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறது என்று நினைத்து, அந்த வயதில் முட்டி போட்டுத் தேடியிருக்கிறார்.

அன்றைக்கு இரண்டு பழத்தோடு திரும்பினேன். வந்து மூன்று வாரத்தில், வகுப்புக்கு வெளியே ஒருவரோடு பத்து நிமிடம் பேசியது அதுதான் முதல் முறை.

இந்தத் தவறு ஏன் வந்தது என்று தமிழர்கள் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. நம் மொழியில் சொல்லின் நடுவே ஒற்றைக் 'க' வந்தால் நாக்கு தானாக அதை மெலிதாக்கிவிடும். அதே எழுத்து சொல்லின் முதலில் வந்தால் வல்லென்று ஒலிக்கும். நமக்கு அது ஒரே எழுத்து, இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும், பொருள் மாறாது. ஜப்பானிய மொழியில் அவை இரண்டு வேறு எழுத்துகள், பொருளும் வேறு. பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் சொல்லும் சொல்லையும், படிப்பை விட்டு விலகுவதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'தைகக்கு' என்றுதான் வரும். முதலெழுத்தைத் 'தம்பி' என்பதில் வருவதுபோல் சொன்னால் படிப்பை விடுவது. 'தர்மம்' என்பதில் வருவதுபோல் சொன்னால் பல்கலைக்கழகம். விசா நேர்காணலில் இதை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் முதல் இரண்டு வாரத்துக்குள் ஹிராகானா என்னும் அடிப்படை ஒலி எழுத்துகளைப் படித்துவிடுங்கள். ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்கும் பழக்கம் வேண்டாம். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பழகுங்கள், அதிர்வு வருகிறதா இல்லையா என்று விரலே சொல்லிவிடும். நான் இதைக் குளியலறையில் நின்று ஒரு மாதம் செய்தேன்.

ஆனால் மற்ற நாட்டுப் பிள்ளைகள் முட்டி மோதும் பல இடங்களில் நமக்கு வழி ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிறது. குறில், நெடில், ஒற்று எல்லாவற்றுக்கும் ஜப்பானியத்தில் மாத்திரைக் கணக்கு உண்டு. 'ஒபசன்' என்றால் அத்தை வயதுப் பெண், 'ஒபாசன்' என்றால் பாட்டி. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன், நமக்குக் காது அப்படியே பிடித்துக்கொள்ளும். எழுத்து வரிசையும் நமக்குப் பழகியதுதான். சமஸ்கிருத எழுத்து முறையைப் பௌத்தத் துறவிகள் படித்ததன் விளைவாக அமைந்த வரிசை அது: அ இ உ எ ஒ, பிறகு க, ச, த, ந... என்று போகும். அகராதியைப் புரட்டும்போது நம் விரல் தானாகச் சரியான பக்கத்துக்குப் போகும்.

இலக்கணத்திலோ, முதல் மாதம் எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. வினை கடைசியில். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். 'நேற்று வந்த ஆள்' என்பதை அதே வரிசையில் அப்படியே சொல்லலாம். 'என்று சொன்னார்' என்பதில் வரும் 'என்று' அங்கே 'தொ' என்று ஓரெழுத்தாக நிற்கிறது. 'சாப்பிட்டுப் பார்' என்று நாம் சொல்வதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை அல்லவா, அதே பொருளில் அவர்களும் 'சாப்பிட்டு' என்பதற்குப் பின் 'பார்' என்ற வினையைப் போடுகிறார்கள். 'வாங்கி வை' என்பதற்கும் 'வாங்கி' என்பதோடு 'வை' என்ற வினை. ஆசிரியர் கரும்பலகையில் படம் போட்டு அரை மணி நேரம் விளக்கிக்கொண்டிருக்க, நான் முதல் எடுத்துக்காட்டிலேயே தலையாட்டிவிட்டேன்.

என் வகுப்பில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருந்தார். அவருக்கு இன்னும் ஒரு படி சுலபம். ஜப்பானியத்தில் என் கையில் இருப்பது, உங்கள் கையில் இருப்பது, இரண்டு பேருக்கும் எட்ட இருப்பது என்று மூன்று சுட்டு. நான் அந்த நடுச்சுட்டை உருப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "இதுவும் அதுவும் உங்களுக்கு இருக்கு. உது எங்களிட்ட இருக்கு, அவ்வளவுதான்." சங்கப் பாட்டில் படித்த உகரச் சுட்டு கியோட்டோவில் எனக்குக் கைகொடுக்கும் என்று நான் நினைத்ததில்லை. தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர் பல ஆண்டுகள் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிக்கிறவருக்கு இந்த ஒற்றுமை பெரிய வரம்.

வரம்தான், ஆனால் என்னைச் சோம்பேறியாக்கியதும் அதுதான். வகுப்புத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்ததால் மொழி வந்துவிட்டது என்று நம்பினேன். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், அங்கே எல்லோரும் குறிவைக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுத் தேர்வு என்ற பகுதியே கிடையாது. சொல்லும் இலக்கணமும், படிப்பதும் கேட்பதும் மட்டும். ஐந்து நிலையில் மேலிருந்து இரண்டாவது நிலையைத் தாண்டியவர்கள்கூடத் தபால் நிலையத்தில் பார்சல் அனுப்பத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஊர் சுற்றவும் செய்தேன். ஃபுஷிமி இனாரியின் சிவப்புத் தோரண வாயில்கள், தங்கக் கோயில், அரஷியாமா மூங்கில் தோப்பு, எல்லாம் முதல் இரண்டு மாதத்தில் முடிந்தது. நிறைய படம் எடுத்தேன். ஒரு சொல்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. அந்த இடங்களில் பலகைகளிலேயே ஆங்கிலம் இருக்கும், சீட்டு கொடுப்பவரும் ஆங்கிலத்தில் விலை சொல்லிவிடுவார், கூட்டம் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டுவிடும். பழக்கடையிலோ வாரம் இரண்டு தரம் நின்று ஐந்து நிமிடம் பேசினாலே புதிதாக மூன்று நான்கு சொல் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் என் ஞாயிற்றுக்கிழமைகளை மாற்றினேன். புகழ்பெற்ற இடத்துக்கு ஒரு தரம் போவதற்குப் பதிலாக, யாராவது என்னோடு பேசியே ஆக வேண்டிய இடத்துக்குப் பல தரம் போவது என்று வைத்துக்கொண்டேன்.

மொழி படிக்கிற எல்லோரும் கேள்வியைத்தான் தயாரித்துக்கொண்டு போகிறோம். 'விலை என்ன', 'நிலையம் எங்கே' எல்லாம் மனப்பாடம். மாட்டிக்கொள்வது பதிலில். கொன்பினி என்னும் 24 மணி நேரக் கடையில் நீங்கள் எதுவுமே கேட்க வேண்டாம், அவர்களே வரிசையாகக் கேட்பார்கள். பாயிண்ட் கார்டு உண்டா? சூடாக்கித் தரவா? பை வேண்டுமா? 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்க வேண்டும் என்று சட்டம், ஆகவே அந்தக் கடைசிக் கேள்வி எப்படியும் வரும். ஆனால் பாடப்புத்தகத்தில் இருக்கும் மொழியில் வராது. வாடிக்கையாளருக்கென்று ஒரு மரியாதை மொழி இருக்கிறது, வினைச்சொல்லே மாறிவிடும். நான் செய்தது இதுதான்: வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டேன். நான்கே வாக்கியங்கள், எல்லாக் கடையிலும் ஏறக்குறைய அதே வரிசை. நோட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்டிப் பொருள் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது வாரத்திலிருந்து அந்தப் பயம் போய்விட்டது.

சாப்பாட்டில் நான் சைவம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் மாதம் நான் அழுத இடம் இது. 'வெஜிடேரியன்' என்ற சொல் அங்கே எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது என்ன என்பது ஆளுக்கு ஆள் மாறும். கறி இல்லை, மீன் பரவாயில்லை என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் மேலே 'தஷி' என்று ஒன்று இருக்கிறது. நம் சமையலில் புளித் தண்ணீர் போல, அவர்கள் சமையலுக்கு அடிப்படையான சாறு. பெரும்பாலும் உலர்த்திய மீனைச் சீவி அதிலிருந்து எடுப்பார்கள். மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய் எல்லாவற்றிலும் அது இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. 'மீன் இல்லை' என்று கடைக்காரர் மனசாரச் சொல்வார், பொய் இல்லை, அவருக்குத் தஷி மீனாகத் தோன்றாது.

நான் கடைசியில் வைத்துக்கொண்ட வாக்கியம்: 'இதில் மீன் தஷி சேர்த்திருக்கிறீர்களா, கொம்பு தஷியா?' கொம்பு என்பது ஒரு கடற்பாசி, அதிலிருந்தும் தஷி எடுப்பார்கள். இப்படிக் கேட்டால் கேட்கிற ஆளுக்கு விஷயம் தெரியும் என்று சமையல்காரருக்குப் புரிந்துவிடும். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். கியோட்டோவில் இன்னொரு நல்லது, பௌத்த மடங்களின் மரக்கறிச் சமையலை 'ஷோஜின் ரியோரி' என்று தனியாகவே சொல்வார்கள், அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன வேண்டும் என்பது உடனே விளங்கும். விலை அதிகம், ஆகவே அன்றாடச் சாப்பாட்டுக்கு ஆகாது. அன்றாடத்துக்கு அறையில் சோறும் தோஃபுவும், கொம்பு அல்லது ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்றுருண்டையும். அதற்கும் பொட்டலத்தின் பின்பக்கம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மீன், மாடு, பன்றி, கோழி என்ற நான்கு கஞ்சி எழுத்தை (சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து) முதல் வாரத்திலேயே படித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ராத்திரி சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலை ஒட்டும் நேரமும் ஒவ்வொரு கடைக்கும் உண்டு, அது தானாகவே தெரிந்துவிடும்.

ஊருக்குள் சுற்றுவதற்குப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். கியோட்டோவின் நடுப்பகுதி சமதளம், தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேராக ஓடும். சைக்கிளுக்குக் காவல்துறைப் பதிவு உண்டு. பிறர் கையிலிருந்து வாங்கினால் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வழியில் நிறுத்தி விசாரிக்கும்போது திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வரும். நகரப் பேருந்தில் பின் கதவில் ஏறி, இறங்கும்போது முன்னால் 230 யென் போட வேண்டும். நான் மழைக்கு மட்டும் பேருந்து.

வழி கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் 'மேலே போ', 'கீழே போ' என்பார்கள். முதலில் மாடி என்று நினைத்தேன். மேலே என்றால் வடக்கு, கீழே என்றால் தெற்கு. முகவரியிலேயே அப்படித்தான் எழுதுவார்கள். அரண்மனை வடக்கே இருந்தது, நிலமும் வடக்கு நோக்கி உயர்கிறது. நமக்கு மலை மேற்கே, அதனால் மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. மேலத்தெரு கீழத்தெருவில் வளர்ந்த எனக்கு இதை ஆசிரியர் சொன்னதும் மனசு நிறைந்தது. அங்கே பிள்ளைகளுக்குத் தெருப்பெயர்களை வரிசையாகச் சொல்லித்தரும் ஒரு பழைய பாட்டும் உண்டு. பழக்கடை அம்மாவிடம் கேட்டேன், பாடியே காட்டினார்.

அவர் பேச்சு கியோட்டோ வழக்கு. நன்றிக்கு 'ஓகினி' என்பார். அக்கம்பக்கத்தவரைப் பற்றிச் சொல்லும்போது வினையின் கடைசியில் 'ஹரு' என்று ஒன்றைச் சேர்ப்பார். நாம் 'வந்தாங்க, சொன்னாங்க' என்கிறோமே, அந்த 'ஆங்க' மாதிரி, நெருக்கமும் மரியாதையும் சேர்ந்தது. வகுப்பில் இது வரவே வராது. வழக்கு படித்தால் பொதுமொழி கெட்டுவிடும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. நீங்கள் திருப்பிப் பேச வேண்டாம், காதுக்குப் பழகினால் போதும்.

அப்புறம், யாரோடு வெளியே போகிறோம் என்பது எங்கே போகிறோம் என்பதைவிட முக்கியம். இந்திய நண்பர்களோடு போனால் ஆங்கிலம், யாழ்ப்பாணத்து அண்ணனோடு போனால் தமிழ். மனசுக்கு அதுவும் தேவைதான், பொங்கலன்றைக்கு அவர் அறையில் சேர்ந்து சமைத்ததை மறக்க மாட்டேன். ஆனால் மாதத்தில் இரண்டு பயணமாவது, ஜப்பானியத்தைத் தவிர வேறு பொதுமொழி இல்லாதவர்களோடு போக வேண்டும். எனக்கு வாய்த்தவர்கள் தைவானியப் பெண் ஒருத்தியும் வியட்நாம் பையன் ஒருவனும். மூன்று பேரும் உஜிக்குப் போனோம். ஆங்கிலம் பேசினால் பத்து யென் என்று பந்தயம். பத்து யென் நாணயத்தில் இருக்கும் கோயிலைப் பார்க்கத்தான் போகிறோம் என்பதால் அந்தத் தொகை.

உஜி, கியோட்டோவிலிருந்து ரயிலில் அரை மணிக்குள். 1053-இல் கட்டிய பியோதோயின் கோயில் மண்டபம் குளத்துக்கு நடுவே சிறகு விரித்த பறவை மாதிரி நிற்கிறது. அங்கே ஒன்று கவனித்தேன். தைவானியப் பெண்ணுக்குப் பலகையில் உள்ள கஞ்சி எழுத்தெல்லாம் பொருள் புரிகிறது, ஜப்பானியத்தில் எப்படி உச்சரிப்பது என்று தெரியவில்லை. எனக்கு எழுத்து புரியவில்லை, ஆனால் அவள் சொல்லும் பொருளை வைத்து வாக்கியம் கட்டிக் கேட்டுவிட முடிகிறது. வியட்நாம் பையனுக்கு யாரிடமும் போய்ப் பேசக் கூச்சமே இல்லை. மூன்று பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

கோயில் வழியில் ஒரு தேயிலைக் கடைக்காரர் எங்களை உட்காரவைத்து கியொகுரோ தேநீர் போட்டுக் காட்டினார். கொதித்த தண்ணீரை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி, ஐம்பது அறுபது டிகிரிக்கு வரும்வரை காத்திருந்தார். சூடாக ஊற்றினால் கசக்கும். அவர் சொன்ன வாக்கியத்தில் 'ஆற்றி' என்பதற்குப் பின் அந்த 'வை' வந்தது. வெந்நீரை ஆற்றி வை. வகுப்பில் படித்த அந்த 'வை', புகை எழும் கிண்ணத்தோடு சேர்ந்து அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்தது. இன்றைக்கும் அந்த வினையை எங்கே கேட்டாலும் அந்தக் கிண்ணம்தான் ஞாபகம் வருகிறது.

நாராவுக்குத் தனியாகப் போனேன். தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் முன்னால் தன்னார்வ வழிகாட்டியாக நின்ற முதியவர் ஒருவர், எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றேன். அவர் முகம் மலர்ந்தது. வேகமாக ஏதோ சொன்னார், 'கைகென்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. எனக்குப் பிடிபடவில்லை. நின்று, மெதுவாக இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றேன். (இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மூச்சு விடுவதுபோல் பழகிக்கொள்ளுங்கள், புரிந்ததுபோல் தலையாட்டுவதை விட்டுவிடுங்கள்.) அவர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். பிறகு கையில் தூரிகை பிடித்ததுபோல் பாவனை செய்து, உயரே புத்தரின் கண்ணில் மை தீட்டுவதுபோல் காட்டினார்.

கண் திறப்பு! சிலைக்கு ஸ்தபதி கண் திறப்பதை எங்கள் ஊர்க் கோயிலில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். 752-இல் இந்தப் பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து கடல் கடந்து போன போதிசேனர் என்ற துறவி. தெரிந்த சொற்களையெல்லாம் கூட்டி, எங்கள் ஊரிலும் இது உண்டு, சிற்பிதான் செய்வார், அப்போது யாரும் எதிரே நிற்க மாட்டோம் என்று சொன்னேன். பிழை நிறைய இருந்திருக்கும். அவர் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நான் சொன்னதை எழுதிக்கொண்டார். நான் ஜப்பானிய மொழியில் ஒருவருக்குத் தெரியாத ஒன்றைச் சொன்ன முதல் நாள் அது. திரும்பும் ரயிலில் உட்காரவே முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவில் தனி அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம், விமான நிலையத்தில் இறங்கும்போதே விண்ணப்பிப்பது நல்லது. வீட்டு முகவரியை 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் பதிய வேண்டும், அப்போதே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள், செலவில் 30 சதவீதம்தான் நம் கையிலிருந்து போகும். நான் முதலில் ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்தேன். சம்பளம் சரியாக வந்தது, ஆனால் நாள் முழுக்கப் பேசுவதற்கு ஆள் இல்லை. நான்காவது மாதம் ஒரு ரொட்டிக் கடைக்கு மாறினேன். மணிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் எண்ணிக்கைச் சொற்கள், தட்டையான பொருளுக்கு ஒன்று, நீளமானதற்கு ஒன்று என்று புத்தகத்தில் என்னைப் படுத்தியவை, இரண்டே வாரத்தில் வாயில் வந்தன. கல்விக் கட்டணமே ஆண்டுக்கு ஏழெட்டு லட்சம் யென் கட்டுகிறோம். வேலையையும் பாடமாக்கிக்கொள்ளாவிட்டால் அது வீண்.

இரண்டாவது நவம்பரில் பழக்கடை அம்மா எனக்குத் துவர்ப்புக் கக்கி பத்து கொடுத்தார். அப்படியே கடித்தால் நாக்கு மரத்துவிடும். தோலைச் சீவி, காம்பில் கயிறு கட்டி, கொதிநீரில் சில நொடி முக்கி, மழை படாத காற்றில் தொங்கவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து விரலால் மெல்லப் பிசைந்துவிட வேண்டும். எல்லாவற்றையும் வாயாலேயே சொன்னார், நான் எழுதிக்கொண்டேன், ஒரு சொல்லுக்கும் நிறுத்தவில்லை. டிசம்பர் கடைசியில் பேரீச்சம்பழம் மாதிரி ஆகிவிட்டது. ஐந்தை அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச்சில் பள்ளி முடிந்தது. ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் சொல்லிக்கொள்ளப் போனேன். என்ன சொல்வது என்று இரவே எழுதிப் பார்த்து, வகுப்பில் படித்த நீளமான விடைபெறும் வாக்கியம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் அங்கே 'இத்தே கிமஸ்' என்பார், 'போயிட்டு வரேன்' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் அதேதான். ஆனால் திரும்பி வரப்போகும் இடத்தில் மட்டும்தான் அதைச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் எச்சரித்திருந்தார். அதனால் நான் அதைச் சொல்லவில்லை, என் நீளமான வாக்கியத்தைச் சொல்லிக் குனிந்து வணங்கினேன்.

அவர் ஒரு பையில் மிகான் ஆரஞ்சு நான்கைந்து போட்டு என் கையில் திணித்தார். "இத்தேரஷ்ஷை" என்றார். போயிட்டு வாங்க.

"இத்தே கிமஸ்" என்றேன்.